பன்னிரண்டில் ஒன்பதாவது அடி

சென்ற மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் வெகு காலம் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வெளியூருக்குப் போகிற இங்கிலீஷ் கடிதங்களை அதுவே பாதி எழுதிக் கொடுத்துவிடுகிறதாம்.

"சார், 'திரும்பத் திரும்ப'ங்கிறதுக்கு இது மூணு விதமாச் சொல்லுது. ரிப்பீட்டட்லி, எகெய்ன் அண்ட் எகெய்ன், ஓவர் அண்ட் ஓவர். எதைப் போட்டா இயல்பா இருக்கும் சார்?"

"எது திரும்பத் திரும்ப நடக்குதும்மா?"

"நம்ம புது ஐட்டம் சார். மேல போயி வெடிக்கும், மறுபடியும் வெடிக்கும்…"

"எத்தனை தடவை?"

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "தெரியலையே சார்" என்றாள்.

"போய்ப் பார்த்துட்டு வா" என்றேன். கிழவர் பதில் தெரியாமல் நழுவுகிறார் என்று நினைத்திருப்பாள். நழுவவில்லை. என் உத்தியோகக் காலம் முழுவதும் நான் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அந்த ஒரு வரிதான். அது என் கைக்கு எப்படி வந்தது என்பதைப் போனில் சொல்ல முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் விருதுநகர்க்காரன். பள்ளிப் படிப்பை முடித்து, டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் தேறி, ஐம்பதுகளின் நடுவில் சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் இடையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் இங்கிலீஷ் கிளார்க்காகச் சேர்ந்தேன். கடிதம் எழுதும் முறை பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை முக்கால்வாசி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் பிரமாதமாக வரும் என்று எங்கள் தெருவில் பேர். அந்தப் பேரை முழுசாக நம்பிய முதல் ஆள் நான்தான்.

ஆபீஸ் வெளிக்கேட்டை ஒட்டி இருந்தது. கேட்டுக்கு உள்ளே வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டும். சாவிக்கொத்து, இடுப்பு பெல்ட் எதுவும் கூடாது. முதல் நாள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கூட வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொண்டார், கிளிப் இரும்பாக இருந்தாலும் இருக்கும் என்று. பேனா இல்லாத கிளார்க்காக உள்ளே நடந்தபோது எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

உள்ளே ராஜ்யம் நடத்தியவர் போர்மேன் வேலுச்சாமி. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மடித்துக் கட்டிய வேட்டி, துணிப் பொத்தான் வைத்துத் தைத்த சட்டை, இடுப்பில் ஒரு சுருக்குப் பை. அந்தப் பையில் வெற்றிலை இருக்கும் என்று நினைத்தேன். லாட வடிவத்தில் ஒரு காந்தம் இருந்தது. தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் அன்றைக்கு எடுக்கப் போகிற கருவிகள் அத்தனையையும் ஒரு பலகையில் பரப்பச் சொல்வார். காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு ஒவ்வொன்றின் மேலும் மெதுவாக இழுத்துக்கொண்டு போவார். நூல் சாய்ந்தால் அந்தக் கருவி வெளியே போய்விடும். இரும்பு உரசினால் பொறி; பொறி விழுந்தால் வெடிமருந்து. அதற்கு மேல் அந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

சரக்கைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ போகிற எந்தக் கடிதத்திலும் அண்ணாச்சி கையெழுத்து வேண்டும். லைசென்ஸ் காகிதங்களில் பொறுப்பாளர் என்று அவர் பேர்தான் இருந்தது. அவருக்கோ இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. எனக்கு முன்னால் இருந்த கிளார்க் எதையோ எழுதி நீட்ட, இவர் நம்பிக் கையெழுத்துப் போட, செய்யவே முடியாத சரக்கைச் செய்து தருவதாக அந்தக் கடிதம் வாக்குக் கொடுத்துவிட்டது. வாங்க வந்த வியாபாரி கேட் வாசலில், அத்தனை பேர் முன்னால், "கையெழுத்து ஒம்மதுதானவே?" என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அண்ணாச்சி ஒரு முறை வைத்துக்கொண்டார்.

முதலில் கடிதத்தை இங்கிலீஷில் முழுவதும் வாசிக்க வேண்டும். புரியாவிட்டாலும் கேட்பார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே ஒவ்வொரு வரியாகத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைச் சொல்லக் கூடாது, காகிதத்தில் இருப்பதைச் சொல்ல வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் தொடையில் தாளம் மாதிரித் தட்டிக்கொண்டிருப்பார். எங்கேயாவது விரல் நின்றால் கடிதத்தைக் கிழிக்க வேண்டியதுதான். கடைசிவரை விரல் நிற்காமல் போனால் கண்ணைத் திறந்து, "சரி, அனுப்பு" என்பார். அவ்வளவுதான் பாராட்டு.

முதல் சண்டை ஒரு பூச்சட்டியால், அதாவது புஸ்வாணத்தால் வந்தது. கல்கத்தா வியாபாரிக்கு அதன் அழகை விவரித்து எழுதச் சொன்னார்கள். நமக்குத்தான் எதையும் இரட்டிப்பாகச் சொல்லாவிட்டால் தூக்கம் வராதே! பொங்கிப் பொங்கி, பூத்துப் பூத்து என்று மனசுக்குள் ஓடியதை அப்படியே இங்கிலீஷில் கொட்டினேன். எகெய்ன் அண்ட் எகெய்ன், அதோடு ரிப்பீட்டட்லி, அதற்கு மேல் மெனி மெனி டைம்ஸ். புத்தகத்தில் படித்த எதையும் வீணாக்கவில்லை. தமிழில் திருப்பிச் சொல்லும்போது என் நாக்கே தடுமாறியது.

"மறுபடி மறுபடி, திரும்பத் திரும்ப, பல பல தடவை பூக்கும்…"

விரல் நின்றது. "ஏந்தம்பி, ஒத்தப் பூச்சட்டிய எம்புட்டுத் தடவ கொளுத்துவ நீ? வாங்குறவன் தீவாளிக்குக் கொளுத்திட்டுக் கார்த்திகைக்கும் எடுத்து வச்சிருவான்."

வெளிமைதானத்துக்குக் கூட்டிப் போய், பட்டப்பகலில் ஒன்றைக் கொளுத்தினார். வெயிலில் நிறம் தெரியவில்லை. அசைவு மட்டும் தெரிந்தது. ஆள் உயரத்துக்கு எழும்பியது. முழங்கால் உயரத்துக்குத் தணிந்தது. மறுபடி எழும்பியது, தணிந்தது. மூன்றாவது தடவை எழும்பி அணைந்துபோயிற்று. "எத்தன?" என்றார். "மூணு" என்றேன். "பெறகு அத எழுத வேண்டியதுதான? எங்கன போயி எதுக்குத் தேடுற?"

'இது மூன்று முறை எழும்பும்' என்று எழுதினேன். இங்கிலீஷில் நாலே நாலு வார்த்தை: இட் ரைசஸ் த்ரீ டைம்ஸ். என் படிப்புக்கே அவமானம் என்று பட்டது. கல்கத்தாக்காரர் பதிலில், இதுவரை உங்களிடமிருந்து வந்த கடிதங்களிலேயே இதுதான் தெளிவான கடிதம் என்று எழுதியிருந்தார். அதை அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டுவதற்கு எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவ்வளவு வீம்பு.

இன்னொரு தடவை பம்பாயிலிருந்து ஒரு புகார் வந்தது. சரவெடியில் 'எவ்ரி அதர்' வெடி வெடிக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். நான் தெனாவெட்டாக, "மத்த எல்லா வெடியும் வெடிக்கலையாம் அண்ணாச்சி" என்றேன். அவர் கண்ணை மூடியபடியே, "எல்லாம் வெடிக்கலைன்னா சரம் எப்பிடிப்பா கடைசி வரைக்கும் பத்தும்? அவன் அப்பிடி எழுதியிருக்க மாட்டான். நல்லாப் பாரு" என்றார். அகராதியைப் புரட்டினேன். ஒன்றுவிட்டு ஒன்று! அதைச் சொன்னதும் அவர் விருட்டென்று எழுந்தார். சரம் பின்னுகிற அறையில் வெடிகளைத் திரியின் இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோப்பார்கள். வலப்பக்கத்து வெடிகள் இருந்த தட்டு சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் மழைத் தண்ணீர் கசிந்திருந்தது.

பம்பாய்க்காரன் எழுதிய இரண்டே வார்த்தை, எங்கள் கம்பெனியின் ஒரு மூலையில் இருந்த ஈரச் சுவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. எது எத்தனை தடவை, எந்த இடைவெளியில் நடக்கிறது என்று ஒருவன் சரியாகச் சொல்லிவிட்டால், அது ஏன் நடக்கிறது என்பதும் அதிலேயே ஒளிந்திருக்கிறது. அந்த ஆச்சரியம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. அண்ணாச்சி ஆச்சரியப்பட்ட மாதிரித் தெரியவில்லை. தட்டுகளை நகர்த்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி ராக்கம்மாள் விஷயம். அது அறுபதுகளில் நடந்தது. நான் கல்யாணம் ஆகி, இங்கிலீஷில் ஓரளவு அடங்கியும் இருந்த சமயம்.

ராக்கம்மாள் பூச்சட்டிக் குழாயில் மருந்து இடிக்கிறவள். முப்பது வயது இருக்கும். காகிதக் குழாயைக் கல்லின் மேல் நிறுத்தி, மருந்தைப் போட்டு, பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு, கம்பியின் தலையில் கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும். கொட்டாப்புளி என்றால் மரச் சுத்தியல். குழாய்க்குப் பன்னிரண்டு அடி. குறைந்தால் மருந்து பொலபொலவென்று நின்று சீறிவிடும். கூடினால் இறுகி வெடிக்கும். தீபாவளி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் முற்பகலில் அவள் அறையில் தீப்பிடித்தது. அறையில் அப்போது அவள் ஒருத்திதான். மருந்து கொஞ்சமாக இருந்ததால் உயிர் தப்பினாள். இரண்டு கையும் மணிக்கட்டுவரை வெந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

வெடிபொருள் இன்ஸ்பெக்டர் மெட்ராஸிலிருந்து வருவதாகத் தந்தி வந்தது. வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. இங்கிலீஷில் ரிப்போர்ட் தயாராக இருக்க வேண்டும். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. லைசென்ஸை நிறுத்தி வைத்துவிட்டால் இருநூறு பேர் சீசன் நேரத்தில் வேலையில்லாமல் நிற்க வேண்டும். என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொம்பள சொன்ன பேச்சைக் கேக்காம ஓங்கி ஓங்கி அடிச்சதுல பத்திக்கிருச்சின்னு எழுதிரும்" என்றார். வேறு காரணம் யாருக்கும் தெரியவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். அவள் தப்பு என்று ஆகிவிட்டால் நஷ்ட ஈடு கிடைக்காது, திரும்ப வேலையும் கிடைக்காது, வேறு எந்தக் கம்பெனியும் அவளைச் சேர்க்காது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. 'திரும்பத் திரும்ப எச்சரித்தும் திரும்பத் திரும்ப அடித்தாள்' என்பது இங்கிலீஷில் அவ்வளவு அழகாக விழுந்தது. ரிப்பீட்டட் வார்னிங்ஸ் ஒரு பக்கம், ரிப்பீட்டட் ப்ளோஸ் ஒரு பக்கம், தராசு மாதிரி. அடுத்த வரியில், போர்மேன் எவ்ரி மார்னிங் கருவிகளைக் காந்தத்தால் சோதிக்கிறார் என்று சேர்த்தேன். அண்ணாச்சியைக் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு.

அண்ணாச்சி அன்று தாடையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வாசித்தேன். தமிழில் சொல்லத் தொடங்கினேன். முதல் வரியிலேயே விரல் நின்றது.

"எம்புட்டுத் தடவ எச்சரிச்சேன் நான்?"

"அது… வழக்கமாச் சொல்றதுதான அண்ணாச்சி."

"நான் அவள ஒரு தடவ கூட எச்சரிக்கல. எச்சரிக்கிற மாதிரி அவ எதுவும் செஞ்சதே இல்ல. சரி, எம்புட்டுத் தடவ அடிச்சா?"

"தெரியல."

"தெரியாமத்தான் திரும்பத் திரும்பன்னு போட்டியாக்கும்." எழுந்து துண்டை உதறினார். "வா. அவகிட்டயே கேப்போம்."

ஆஸ்பத்திரியில் ராக்கம்மாள் விழித்துத்தான் இருந்தாள். இரண்டு கையும் கட்டுப் போட்டு மார்பின் மேல் கிடந்தன. எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"படு தாயி, படு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கொழாய்ல எம்புட்டு அடி அடிச்சிருந்த?"

"ஆத்துல எறங்கல அண்ணாச்சி" என்றாள்.

ஜன்னியில் பேசுகிறாள் என்று நினைத்து நான் நர்ஸைத் தேடினேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"எந்த ஆறு தாயி?"

"இருக்கங்குடி ஆறு. நான் தண்ணிப்பந்தல் வரைக்கும் போயிட்டேன். ஆத்துல எறங்கறதுக்குள்ள பத்திக்கிருச்சு."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவளிடமிருந்து விஷயம் வந்தது. இடிக்கிற பெண்கள் பக்கத்துப் பக்கத்து அறையில் இருப்பார்கள். ஒருத்தி ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் அடுத்த அறைக்காரிக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் யாரும் எண்களைத் தொடுவதே இல்லை. ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்த ஒரு பாதையில் பன்னிரண்டு இடங்களை வைத்திருக்கிறாள். ஓர் அடிக்கு ஓர் இடம். ராக்கம்மாளுடையது அவள் வருடா வருடம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நடந்து போகிற பாதை. அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: வீட்டு வாசல், வேப்பமரம், கிணறு, கம்மாக்கரை, உடைமுள் காடு, கடலைக்காட்டு வரப்பு, தண்டவாளம், மொட்டைப் புளி, தண்ணீர்ப்பந்தல், ஆறு, மண்டபம், ஆத்தா.

நான் விரல் விட்டு எண்ணினேன். தண்ணீர்ப்பந்தல் ஒன்பது. ஆத்தா பன்னிரண்டு.

பத்து வருடமாக ஆபீஸில் உட்கார்ந்து அந்த 'டக் டக்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். ஒரே சத்தம், ஒரே அடி, திரும்பத் திரும்ப என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே எதுவுமே திரும்ப வரவில்லை! ஒவ்வோர் அடியும் ஓர் இடம். வேப்பமரம் கடந்து கிணறு, கிணறு கடந்து கம்மாக்கரை. ஒரு நாளைக்கு எத்தனை குழாயோ அத்தனை தடவை அவள் இருக்கன்குடிக்கு நடந்து போய் ஆத்தாவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், நாலு சுவருக்குள் உட்கார்ந்தபடியே. அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. சட்டைப் பையில் என் ரிப்போர்ட் மடித்து இருந்தது. அது நெஞ்சில் உறுத்தியது.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி, "ஒம்பதுல பத்தியிருக்கு. பன்னெண்டையே தாண்டல. பெறகு எப்பிடி?" என்று மட்டும் ஒரு தடவை முணுமுணுத்தார். நேரே எரிந்துபோன அறைக்குப் போனார். கரியும் சாம்பலுமாகக் கிடந்ததில் கொட்டாப்புளியைத் தேடி எடுத்தார். மரம் முக்கால்வாசி கருகியிருந்தது. தலை பிளக்காமல் இருக்கப் போட்ட பூண் மட்டும் நழுவித் தொங்கியது. சுருக்குப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். நூலைப் பிடித்து மெதுவாக இறக்கினார். பித்தளைப் பூணாக இருந்தால் ஒன்றும் ஆகாது. நூல் விலுக்கென்று சாய்ந்தது. டக்கென்று ஒட்டிக்கொண்டது.

சீசன் அவசரத்தில் மூன்று கொட்டாப்புளிகள் பிளந்துபோய்ப் பூண் போட வெளியே கொடுத்திருந்தோம். போட்டவன் இரும்பில் போட்டு மேலே சாயம் பூசிவிட்டான். ஒன்பதாவது அடியில் கழன்று சரிந்த பூண் கல்லின் விளிம்பில் உரசிப் பொறி விழுந்திருக்க வேண்டும். மூன்றும் வந்து சேர்ந்த நாள்தான் தீப்பிடித்த நாள். அன்று காலையில் லாரி லோடுக்காக முதலாளி அண்ணாச்சியைக் கேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். அண்ணாச்சி கருவிகளைப் பரப்பச் சொல்லவில்லை. காந்தம் பையிலேயே இருந்துவிட்டது.

அவர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். "அந்த ரெண்டாவது வரிய வாசி" என்றார்.

"போர்மேன் எல்லா நாளும் காலையில கருவிகளைச் சோதிக்கிறார்…"

"எல்லா நாளும்னா எல்லா நாளும் தம்பி. பதினெட்டு வருசம் பாத்தேன். ஒரு நா பாக்கல. ஒரு நா கொறஞ்சா அது எல்லா நாளும் இல்ல. அடிச்சிரு."

"அண்ணாச்சி, இது ஒங்க தலையில விடியும்."

"அவ கையில விடிஞ்சிருச்சே."

அங்கேயே, அந்தக் கரிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, சட்டைப் பையிலிருந்த பென்சிலால் எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதிய இங்கிலீஷிலேயே எளிமையான இங்கிலீஷ் அதுதான். அவள் வழக்கமான பன்னிரண்டு அடிகளில் ஒன்பதை அடித்திருந்தாள். கொட்டாப்புளியின் பூண் இரும்பு. போர்மேன் பதினெட்டு வருடமாகக் காலையில் கருவிகளைச் சோதித்து வந்தார். அன்று காலை சோதிக்கவில்லை. ரிப்பீட்டட்லி என்ற சொல் எங்கேயும் வரவில்லை. திருப்பிச் சொன்னேன். விரல் நிற்காமல் தட்டியது. கண்ணைத் திறந்தார். "சரி, அனுப்பு."

முதலாளி வாசித்துவிட்டுக் குதித்தார். "வேலு, ஒன் தலையில நீயே மண்ணை வாரிப் போடுறியேய்யா! இது நிக்குமா?"

"நான் கையெழுத்துப் போடுறதுல எனக்குத் தெரியாதது இருக்கப்படாது மொதலாளி. தெரிஞ்ச பொய்யும் இருக்கப்படாது."

முதலாளி காகிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். அப்புறம், "என்னமும் செய்ங்க. பட்டது படட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தடுக்கவில்லை. அதற்காக அவரை நான் கடைசிவரை மதித்தேன்.

இன்ஸ்பெக்டர் நெடுநெடுவென்ற மனிதர். ரிப்போர்ட்டை நின்றபடியே படித்தார். ஒன்பது என்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, கை வெந்துபோன ஒரு பெண்ணுக்கு இது எப்படி ஞாபகம் இருக்கும், நீங்களாகக் கட்டியதா என்று என்னைக் கேட்டார். வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த புத்தகத்திலிருந்து ஒரு வரியும் வரவில்லை. "ஷி வாஸ் வாக்கிங் சார்" என்றேன். அவர் புருவத்தைத் தூக்கினார். மெதுவாக, துண்டு துண்டாக, அந்தப் பாதையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. வேறு ஒருத்தியைக் காட்டு என்றார்.

பேச்சியம்மாள் அறைக்குக் கூட்டிப் போனோம். மருந்துக்குப் பதிலாக மணலைப் போட்டு இடிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். அவளுக்கு முதுகைக் காட்டி நின்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவர் திடீரென்று கையை உயர்த்தினார். அடி நின்றது. கேள் என்று எனக்குச் சைகை காட்டினார்.

"பேச்சியம்மா, எங்கன நிக்க?"

அவள் வெட்கத்தோடு, "எங்கம்மா ஊருக்குப் போற வழியில, செக்கடிக்கிட்ட" என்றாள். அவளுடைய பாதை அம்மா வீட்டுக்குப் போகிற பாதை.

"அது எத்தனாவது?"

விரலை மடித்துப் பார்த்து, "ஏழு" என்றாள். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஏழுதான். மறுபடி அடிக்கச் சொன்னார். இந்தத் தடவை நடுவில் அவளிடம் பேச்சுக் கொடுக்கச் சொன்னார். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள் என்று கேட்டேன். பதில் சொல்லிக்கொண்டே அடித்தாள். கை உயர்ந்தது. பதினொன்று. சரி. மூன்றாவது தடவை நான்கு. சரி. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயிலுக்காகக் கழற்றியதாகத் தெரியவில்லை.

இரும்புப் பூணை வாங்கிக்கொண்டு, அண்ணாச்சியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அந்த ஒரு காலை தவிர வேறு எந்தக் காலையாவது தவறியதுண்டா? நான் தமிழில் கேட்டேன். அண்ணாச்சி கண்ணை மூடினார். விரல் தொடையில் தட்டியது. பதினெட்டு வருடத்தையும் காலை காலையாகக் கடந்து போகிறார் என்று எனக்குத் தோன்றியது. "இல்ல. அந்த ஒரு நாதான்" என்றார். இன்ஸ்பெக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

முடிவு வந்தது. ராக்கம்மாள் மேல் தப்பில்லை. நஷ்ட ஈடும் வேலையும் உண்டு. ஒரு வரிசை அறைகளை மட்டும் சில வாரங்கள் மூடி வைத்தார்கள். அண்ணாச்சி போர்மேன் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. முதலாளி அவரைப் பெட்டி ஒட்டுகிற கொட்டகைக்கு மாற்றினார். மறு நாளே அவர் அங்கே பசைச் சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காந்தத்தைப் புதுப் போர்மேனிடம் கொடுத்திருந்தார். சுருக்குப் பை மட்டும் இடுப்பில் இருந்தது, காலியாக.

எட்டு மாதம் கழித்து ராக்கம்மாள் வேலைக்கு வந்தாள். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பெட்டிக் கொட்டகையில் உட்காரச் சொன்னோம், மாட்டேன் என்றுவிட்டாள். அவளுடைய கல், அவளுடைய இடம்தான் வேண்டுமாம். அவள் வேலைக்குத் திரும்பியதை மெட்ராஸ் ஆபீஸுக்கு எழுத வேண்டியிருந்தது. பேனாவைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாசலில் நின்று பார்த்தேன்.

குழாய் எதுவும் அவள் முன்னால் இன்னும் வைக்கவில்லை. கொட்டாப்புளியை எடுத்தாள். மடங்காத விரல்களைச் சுற்றிப் பிடி சரியாக அமையும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறுங்கல்லின் மேல், மெதுவாக, மூன்று தடவை தட்டினாள். அப்புறம் கொட்டாப்புளியைக் கீழே வைத்து, கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முதல் குழாயை எடுத்து நிறுத்தினாள்.

ஆபீஸுக்கு ஓடினேன். எழுதினேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக் கொட்டகைக்குப் போனேன். அண்ணாச்சி கையெழுத்து இப்போது எந்தக் கடிதத்துக்கும் தேவையில்லை. அவர் பசைக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். வாசித்தேன். கண்ணை மூடினார். தமிழில் சொன்னேன்.

"ராக்கம்மாள் இன்று வேலைக்குத் திரும்பினாள். முதலில், அன்றைக்கு விட்டுப்போன மூன்று அடிகளை அடித்து முடித்தாள்."

விரல் தொடையில் எழும்பியது. உதடு லேசாக அசைந்தது. ஆறு. மண்டபம். ஆத்தா.

வெகுநேரம் அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

"சரி" என்றார். "அனுப்பு."